மைதாவுக்கு வேலுசாமி கலந்த மருந்து

கோழிப்பண்ணை வேலைக்குச் சேர்ந்தபோது வேலுசாமிக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது அந்த மீசை நரைத்துவிட்டது. வெண்ணந்தூருக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றில் அவர் சூப்பர்வைசர். காலையில் ஷெட்டுக்குள் நுழையுமுன் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். கோழிகள் போடுகிற இரைச்சலை வைத்தே தண்ணீர் சரியாக ஏறியிருக்கிறதா, தீவனம் மாறியிருக்கிறதா, எந்த வரிசையில் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு கூண்டுகளுக்கு அடியில் குனிந்து எச்சத்தைப் பார்ப்பார். அதோடு முடிந்தது. டாக்டர் வந்து சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது.

அவருக்குக் கைராசி என்றும் ஒரு பேர் உண்டு. புதுக் குஞ்சு வந்து இறங்கினால் முதல் கைத் தீவனத்தை அவர்தான் போட வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரர்கள்கூட வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய் ஏறி உட்கார்ந்துவிடுவார். பெருமை தலைக்கு ஏறியிருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது யாரையும் உறுத்தாத பெருமை.

அந்தத் தொழிலில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஒற்றைக் கோழிக்கு அங்கே வைத்தியம் கிடையாது. ஷெட்டில் எச்சம் இளகினால் தண்ணீர்த் தொட்டியில் மருந்துப் பொடியைக் கலந்துவிடுவார்கள். எல்லாக் கோழியும் குடிக்கும், அநேகமாக எல்லாம் தேறும். தேறாமல் தலையைத் தொங்கப் போட்டு நிற்பதை வேலுசாமி வெளியே எடுப்பார், கழுத்தைத் திருகுவார், குழியில் போடுவார். செத்த கோழி அதிகமானால் ஒன்றிரண்டை அறுத்துப் பார்க்க லேப்புக்குக் கொண்டுபோவார். இதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற மனுஷன்தான் அவர்.

அவருக்கு ஒரே மகள், மலர்விழி. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற தனசேகருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான். மலர்விழிக்குப் பிறந்த பெண் குழந்தை பேர் வைக்கும் முன்பே மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தது. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரி ஒருத்தி, வாய் சும்மா இருக்க மாட்டாமல், "சிலர் கையில எதுவும் தங்கறதில்லீங்க, அது கைராசி" என்று யாரிடமோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். மலர்விழி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். தொட்டியில் துளசி காய்ந்தால் தன் கை, பால் திரிந்தால் தன் கை. நாத்தனார் குழந்தையைத் தூக்கச் சொன்னால் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

தனசேகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருநாள் சந்தையிலிருந்து வெள்ளையாக ஒரு முயல் குட்டியை வாங்கி வந்து அவள் மடியில் விட்டான். மைதா மாவைக் கொட்டிய மாதிரி இருக்கிறது என்று அவனே மைதா என்று பேர் வைத்தான். அந்த முயலைக் கூடையில் வைத்துக்கொண்டுதான் மலர்விழி அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். மாரியம்மன் நோம்பி போய், தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. அவள் போகவில்லை.

அம்மா ராசம்மாள் பாவம், மகள் முகத்தைப் பார்த்தாலே அழுதுவிடுவாள். அதனால் மலர்விழி அம்மாவிடம் பேசுவதில்லை. அப்பாவிடம் மட்டும் பேசினாள், அதுவும் மைதாவைப் பற்றி மட்டும். "இன்னைக்கு மைதா செருப்பக் கடிச்சு வெச்சிருச்சுங்ப்பா", "இன்னைக்கு என்ற மடியிலயே தூங்கிருச்சுங்ப்பா." வேலுசாமி கூண்டுக்கு முன்னால் குந்த வைத்து உட்கார்ந்து ஊம் கொட்டுவார். லட்சக்கணக்கில் உயிர்களைப் பார்த்தவர் ஒரு முயல் காதை ஆட்டிய கதையை அவ்வளவு ஆசையாகக் கேட்டார். மகள் குரலைக் கேட்பதற்கு அவருக்கு வேறு வழி இல்லை. அதைக் கேட்பதற்காகவே பண்ணையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வர ஆரம்பித்தார்.

மாசியில் மைதா தின்பதை நிறுத்தியது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. கூண்டுக்கடியில் புழுக்கை சிறுத்து, முடியில் கோத்துக்கொண்டு கிடந்தது. மறுநாள் அதுவும் இல்லை. மலர்விழி அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் முகம் குழந்தை போன அன்று இருந்த மாதிரியே இருந்தது. வேலுசாமி பண்ணைக்குப் போன் போட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எக்ஸெல் வண்டியை எடுத்தார்.

நாமக்கல்லில் நாய், பூனை, முயலெல்லாம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார், சுகன்யா என்று பேர். மைதாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லாட்டம் கட்டியிருக்குதுங்க. குடல் ஓட்டமே நின்னிருச்சு. என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"பிஸ்கட் நல்லா திங்குமுங்க. சோறு திங்கும். என்ற கையிலிருந்து வாங்கித் திங்கும்" என்றாள் மலர்விழி.

"இதுக்குப் புல்லுதாங்க முக்கியம். நார் போகலைன்னா குடல் ஓடாது. முடியும் சேந்து அடைச்சுக்கும்."

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். மலர்விழி தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். வேலுசாமி அதைக் கவனித்தார்.

தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார்கள். வலிக்கும் வாயுவுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். வேலிமசால் என்கிற தீவனத் தழையை அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் விடச் சொன்னார்கள். வயிற்றை மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். உடம்பு சூடாக இருக்க வேண்டும். "பொறுமையாப் பாத்தீங்கன்னா எந்திரிச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா.

அதற்கப்புறம் மலர்விழி பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ராசம்மாள் இன்றைக்கும் சொல்வாள். வேலியோரம் போய்த் தழை பறிப்பாள், அலசுவாள், மிக்ஸியில் விழுதாக அரைத்து மெல்லிய துணியில் வடிப்பாள். மைதா துப்பும். துடைத்துவிட்டு மறுபடி விடுவாள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைப்பாள். தன் வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள். ராசம்மாள் சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாயைத் திறப்பாள், அவ்வளவுதான். சுள்ளென்று வெயில் ஏறுகிற நேரத்தில்கூட மின்விசிறியைப் போட விடமாட்டாள், மைதாவுக்குக் குளிருமாம்.

ஒருநாள் வேலுசாமி வண்டியை நிறுத்தும்போதே உள்ளேயிருந்து ஓடிவந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கறுப்பாக, குண்டு குண்டாக, கொஞ்சம் புழுக்கை.

"போட்டிருச்சுங்ப்பா! புல்லும் தானா கடிக்குதுங்க. வந்து பாருங்க!"

சிரித்தாள். அந்தச் சிரிப்பை வேலுசாமி பார்த்து வெகுநாளாகிவிட்டது. புழுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி யாராவது சிரித்தால் கிறுக்கு என்பார்கள். அவரும் அதைத் தன் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, "நல்லா இருக்குது சாமி, நல்லா இருக்குது" என்று பண்டிதர் மாதிரி சொன்னார்.

மைதா புல்லைக் கடிப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள், "ஏனுங்ப்பா, என்ற கை பரவால்லீங்களா?"

"உன்ற கைக்கு என்ன சாமி? தங்கமான கை."

"இது நல்லா எந்திரிச்சிருச்சுன்னா நான் குமாரபாளையம் போறனுங்ப்பா."

ராசம்மாள் அடுப்படியில் நின்றபடியே அண்ணாந்து கும்பிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பண்ணைக்குக் கிளம்பும்போது வேலுசாமி பழக்கதோஷத்தில் கூண்டுக்கடியில் குனிந்து பார்த்தார். குண்டுப் புழுக்கைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு இளகிக் கிடந்தன. நின்றுபோன குடல் திரும்ப ஓடும்போது அப்படித்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமாம், பிற்பாடு தெரிந்தது. அப்போது அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எச்சம் இளகினால் கழிச்சல், கழிச்சல் கண்டால் ஷெட்டே போய்விடும் என்பதுதான். மகளைக் கூப்பிட வாயெடுத்தவர் அவள் அசந்து தூங்குவதைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவள் பார்த்தால் பயந்துவிடுவாள். பார்க்கும் முன்பே சரிபண்ணிவிடலாம்.

பண்ணையில் மருந்து அலமாரியிலிருந்து கழிச்சல் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். பல வருஷமாகத் தொட்டியில் கலந்துவிடுகிற பொடிதான். ஒரு தரம்கூட அவரைக் கைவிட்டதில்லை. கோழிக்கு இவ்வளவு என்றால் முயலுக்கு இவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டு ஒரு சிட்டிகை எடுத்து மைதாவின் தண்ணீர்க் கிண்ணத்தில் கலந்தார். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். முட்டைக்கோழியில் ஊறின மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை. மைதா குடித்தது. "குடி சாமி" என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். மறுநாளும் கலந்தார்.

பிறகு மைதா தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. வாடை தாங்கவில்லை. காது சில்லிட்டது. மலர்விழி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, அவர் உடனே கொண்டுவரச் சொல்லவும், அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு அப்பா வண்டிக்காக நிற்கும்போதே அவள் கையில் ஒரு உதறு உதறிவிட்டு அடங்கிப்போனது. பட்டப்பகல். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. முயலைக் கீழே கிடத்தினாள். சிரிஞ்சைக் கழுவினாள், கிண்ணத்தைக் கழுவினாள், கூண்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தாள். பிறகு, அதற்குள் பண்ணையிலிருந்து வந்துவிட்ட அப்பா முன்னால் போய் நின்றாள்.

"நான் சொன்னனில்லீங்ளா?"

"என்ன சாமி?"

"என்ற கையில எதுவும் தங்காதுங்ப்பா. அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. வேற பொண்ணு பாத்துக்கட்டும். இன்னொண்ணையும் பெத்து என்ற கையால சாவக் குடுக்க என்னால முடியாதுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேலுசாமி அந்தத் துண்டோடு மைதாவை எடுத்துக்கொண்டார். பண்ணைப் பக்கம் புதைத்துவிட்டு வருகிறேன் என்று ராசம்மாளிடம் சொன்னார். வண்டியை நாமக்கல்லுக்கு விட்டார். அவர் தொழிலில் சாவு அதிகமானால் காரணம் தெரியாமல் விடமாட்டார்கள். அறுத்துப் பார்த்தால் ஏதாவது இருக்கும், நோயோ, பிறவிக் கோளாறோ. அதை டாக்டரம்மா வாயால் கேட்டுவந்து மகளிடம் சொல்ல வேண்டும். உன் கையில்லை சாமி, இன்னதுதான் காரணம் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அவர் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

டாக்டரம்மா உள்ளே போய் அறுத்துப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"அன்னைக்கு நான் தொட்டுப் பாத்த கட்டி இல்லவே இல்லைங்க. சுத்தமாக் கரைஞ்சு எறங்கிருச்சு. உங்க பொண்ணு காப்பாத்தியே போட்டிருந்தாங்க. ஆனா குடலு அப்படியே வெந்து ரத்தங்கட்டிக் கெடக்குது. நான் குடுத்ததில்லாம வேற ஏதாவது மருந்து போட்டீங்களா?"

வேலுசாமி சட்டைப் பையிலிருந்து மிச்சப் பொடியை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதன் பேரைக் கேட்டதும் கண்ணை மூடித் திறந்தார்.

"கோழிக்கு இது மருந்துங்க. முயலுக்கு விஷம். அதோட குடல்ல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போயிரும், கெட்டது பெருகிரும். வாய் வழியாக் குடுக்கவே கூடாதுங்க."

"ஒரு சிட்டிகைதானுங்க போட்டேன்" என்றார் வேலுசாமி.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

மைதாவைப் பண்ணைக் குழியில் போட அவருக்கு மனசு வரவில்லை. ஏரிக்கரையோரம் தானே தோண்டிப் புதைத்தார். ஒரு முயலுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அழுகையும் நிற்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம்தான். பொடி கலந்தது யாருக்கும் தெரியாது. பிறவியிலேயே குடல் கோளாறாம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் வீடு அப்படியே இருக்கும். ஆனால் பிறவிக் கோளாறு என்றால் மகள் அதையும் தன் கையோடு சேர்த்துக்கொள்வாள். கோளாறு உள்ளது என் கைக்குத்தானே வந்து சேருகிறது என்பாள். அவளை அவருக்குத் தெரியும்.

ராசம்மாளிடம் மட்டும் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, சொல்லிப் போடாதீங்க" என்றாள். "உங்ககிட்ட மட்டுந்தான் அவ பேசறா. அதுவும் போச்சுன்னா இந்த ஊட்டுல அவளுக்கு ஆருங்க இருக்கறாங்க?"

"அதுக்காவ அவ தலையில போடச் சொல்றியா புள்ள?"

"காலம் போனா மறந்துருவாளுங்க."

"மறக்கமாட்டா. வேற பொண்ணு பாக்கச் சொல்லீட்டா. கேட்டியில்ல?"

ராசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேலுசாமி உள்ளே போனார். மகள் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டார்.

"சாமி, நாமக்கல்லுக்குக் கொண்டுபோயி அறுத்துப் பாத்தேன்."

அவள் சடக்கென்று திரும்பினாள்.

"வயித்துல கட்டி எதுவும் இல்ல. நீ பாத்ததுல எல்லாம் கரைஞ்சிருச்சாம். பொழைக்க வெச்சுட்ட நீ. டாக்டரம்மாதான் சொன்னாங்க. நாந்தான் பண்ணையிலிருந்து கழிச்சல் பொடி கொண்டாந்து தண்ணியில கலந்தேன். உங்க ஆருகிட்டயும் சொல்லல. அது முயலுக்கு விஷமாம். அதுதான் கொன்னுருச்சு."

மலர்விழி எழுந்து உட்கார்ந்தாள்.

"கட்டி இல்லைங்களா?"

"இல்ல சாமி."

"நல்லாச் சொன்னாங்களா? கரைஞ்சிருச்சுன்னு?"

"காப்பாத்தியே போட்டிருந்தாங்கன்னு சொன்னாங்க. இதே வார்த்தை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் அவர் தோளிலும் மார்பிலும் அடிக்க ஆரம்பித்தாள். "ஏனுங்ப்பா போட்டீங்க? ஆரு போடச் சொன்னா? ஆரு கேட்டா உங்கள?" என்று கத்தினாள். குழந்தை போனபோது வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. கூரை அதிர அழுதாள். தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலுசாமி நகரவில்லை. அடிக்கு வாகாகக் கையைக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் அவள் அவரிடம் பேசவில்லை. அவர் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆனால் மற்ற எல்லோரிடமும் பேசினாள். அம்மாவிடம் பேசினாள். போனில் தனசேகரிடம் பேசினாள், நாத்தனாரிடம் பேசினாள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் எங்கப்பாதான் கொன்னாரு என்றுதான் வந்து நிற்கும். வேலுசாமி வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதில் விழும். கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போவார். சோறு இறங்காது. அவர் இளைத்துப்போனதைப் பண்ணையில்கூடக் கேட்டார்கள். வெயில் என்று சொல்லிவைத்தார்.

பங்குனியில் தனசேகர் வந்தான். வந்து கூட்டிப்போகச் சொல்லி அவனுக்கு அவளே போன் போட்டிருந்தாள். கிளம்புகிற அன்று வேலுசாமி கேட்காமலே மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை பின்னால் நடந்தார். ராசம்மாளும் கூட வந்தாள். அங்கே பக்கத்துத் தெரு மாரக்காள் நின்றுகொண்டிருந்தாள்.

"பொறப்பட்டுட்டியா சாமி? எங்க, உன்ற மொசலக் காணோம்?"

தனசேகர் அவசரமாக, "அது செத்துப்போச்சுங்க" என்று பேச்சை முடிக்கப் பார்த்தான். மலர்விழி விடவில்லை.

"சும்மா சாவலீங்க. நான் பொழைக்க வெச்சுட்டனுங்க. எங்கப்பாதான் கோழி மருந்தக் குடுத்துக் கொன்னு போட்டாரு."

மாரக்காள் திகைத்துப்போய் வேலுசாமியைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்களும் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றார் வேலுசாமி. "நாந்தானுங்க."

பஸ் வந்தது. மலர்விழி அம்மாவைக் கட்டிக்கொண்டு, போய்ட்டு வாரனுங்ம்மா என்றாள். அப்பா பக்கம் திரும்பவில்லை. அவர் நீட்டிய பெட்டியைத் தனசேகர்தான் வாங்கிக்கொண்டான். வாங்கும்போது சங்கடத்தோடு, "கோவத்துல பேசறா மாமா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

"இருக்கட்டும் மாப்ள. அப்படியே சொல்லட்டும், தடுக்காதீங்க."

பஸ் போய்விட்டது. ராசம்மாள் அழுதுகொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள். பெத்த புள்ள போய்ட்டு வாரேன்னுகூடச் சொல்லாம போயிட்டாளே, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளே என்று வழியெல்லாம் புலம்பினாள். வேலுசாமிக்கும் நெஞ்சு வலித்தது. மகள் மாரக்காளிடம் சொன்னதை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் பொழைக்க வெச்சுட்டேன் என்றுதான் அவள் முதலில் சொன்னாள்.